பக்கத்து வளையில பாஞ்சோ: "லாங் ஹேர்டு ஹேர்" படத்துல தப்பு யார் மேல?

#1 · மொட்டைமாடி

ரொம்ப நாளா மண்டைக்குள்ள சுத்திக்கிட்டு இருக்கிற விஷயம். இங்க போட்டா நாலு பேர் சண்டைக்கு வருவீங்கன்னு நம்பிப் போடறேன்.

1949ல வார்னர் பிரதர்ஸ் தியேட்டர்ல ஓட்டுறதுக்காக எடுத்த ஏழு நிமிஷக் கார்ட்டூன் துண்டுப்படம் "லாங் ஹேர்டு ஹேர்". இயக்கம் சக் ஜோன்ஸ், கதை மைக்கேல் மால்டீஸ். எல்லாருக்கும் ஞாபகம் இருக்கிறது ரெண்டாவது பாதிதான். ஹாலிவுட் பவுல் அரங்கம், பக்ஸ் பன்னிங்கிற முயலோட வெள்ளை விக், விடாமப் பிடிக்கிற அந்த ஒத்தைச் சுரம், மேடைக் கூரை இடிஞ்சு தலையில விழறது. அது நல்லாத்தான் இருக்கு. எனக்கு முதல் ரெண்டு நிமிஷம்தான் உயிர்.

மலைச்சரிவுல ஒரு பங்களா. உள்ளே ஜியோவானி ஜோன்ஸ்னு ஒரு ஆபரா (மேற்கத்திய இசை நாடகம்) பாடகர் சாதகம் பண்ணிக்கிட்டு இருக்கார். பாடுறது ரொஸ்ஸினியோட "செவில் நகரத்து நாவிதன்"ல வர்ற "லார்கோ அல் ஃபாக்டோட்டம்". கேமரா அப்படியே சரிவுல நகர்ந்து போனா தூரத்துல ஒரு முயல் வளை. அதுமேல பக்ஸ் உட்கார்ந்து பாஞ்சோங்கிற நரம்பு வாத்தியத்தை வச்சுக்கிட்டு, ரியோவுல மழை பெய்யற ராத்திரி என்ன பண்ணுவாங்கன்னு ஒரு சினிமாப் பாட்டை எடுத்து விடறான். காத்துல அது பங்களாவுக்குப் போகுது.

இப்ப கவனிங்க. ஜியோவானிக்கு முதல்ல கோபம் வரல. சாதகத்துக்கு நடுவுல, தன்னை அறியாம, அதே கம்பீரக் குரல்ல முயலோட பாட்டைப் பாட ஆரம்பிச்சுடறார். கொஞ்ச தூரம் போனப்புறம்தான் அவருக்கே உறைக்குது, ஐயையோ என்ன பாடிக்கிட்டு இருக்கோம்னு. அதுக்கப்புறம்தான் முகம் மாறுது. நேரா இறங்கிப் போறார், பாஞ்சோவை உடைக்கிறார், ஒரு வார்த்தை பேசாமத் திரும்பி வர்றார்.

அடுத்தது ஹார்ப், பெரிய யாழ் மாதிரி. அப்புறம் டியூபா, பெரிய ஊதுகொம்பு. மூணு தடவையும் இதே கதை. முதல்ல கூடப் பாடறார், அப்புறம் போய் அடிக்கிறார்.

அதனால என் கட்சி இதுதான். அந்தாளுக்குச் சத்தம் பிரச்சனையே இல்ல. பாட்டு வாயில ஒட்டிக்கிச்சே, அதான் பிரச்சனை. பிடிக்காத பாட்டா இருந்தா ஜன்னலைச் சாத்தியிருப்பார்.

#2 · ராப்பாடி

பகல்ல தூங்கற ஜென்மம் நான். பத்து வருஷமா நைட் ஷிஃப்ட். மேல் வீட்டுக் குழந்தை காலையில பதினோரு மணிக்கு கீபோர்டு பழகும். அதே ரெண்டு வரி, அதே இடத்துல தப்பு. என்கிட்ட வந்து "பிரச்சனை சத்தம் இல்ல, உன் மனசு"ன்னு சொன்னீங்கன்னா நானும் படி இறங்கி வருவேன்.

ஒருத்தர் வீட்டுல உட்கார்ந்து தொழிலுக்காகப் பயிற்சி பண்றார். அன்னைக்கு ராத்திரி கச்சேரி இருக்கு. இன்னொருத்தன் வேலைவெட்டி இல்லாம வெளியில உட்கார்ந்து மீட்டறான். தப்பு யார் மேலன்னு ஒரு கேள்வியா?

#3 · ரீல்பெட்டி

வேலைவெட்டி இல்லாதவன்னு சொன்னீங்க பாருங்க, அதுதான் சக் ஜோன்ஸ் வேணும்னே வச்சது. பக்ஸ் யாரையும் தானாப் போய்ச் சீண்டக் கூடாது, அவன் பாட்டுக்கு அவன் வேலையைப் பார்த்துக்கிட்டு இருக்கணும், எதிராளிதான் ஆரம்பிக்கணும்னு அவர் தன் படங்கள்ல ஒரு விதி வச்சிருந்தார். 40களோட தொடக்கத்துல வந்த பக்ஸ் அப்படி இல்ல, சும்மா இருக்கிறவனையும் போட்டு வறுத்தெடுப்பான். ஜோன்ஸுக்கு அது ரவுடித்தனமாப் பட்டிருக்கு. அதனாலதான் இந்தப் படத்துல மூணு அடி வாங்கற வரைக்கும் பக்ஸ் பொறுமையா இருக்கான். முதல் தடவை "சங்கீதம்னா ஆகாதவன் போல"ன்னு விட்டுடறான். ரெண்டாவது தடவை, முயலும் ஆகாது போலன்னு சொல்லிக்கறான். மூணாவது தடவை காதை மரக்கிளையில கட்டித் தொங்க விட்டு, தலை கிளையில மடேர் மடேர்னு இடிக்கிற மாதிரி இழுத்து விட்டப்புறம்தான் போர் அறிவிப்பு. "இதுக்கு அர்த்தம் போர்னு தெரியும்ல"ங்கிற அந்த வசனமே 1933ல வந்த, அமெரிக்கக் காமெடிக்காரங்க மார்க்ஸ் சகோதரர்களோட படம் "டக் சூப்"லேருந்து, அவங்கள்ல ஒருத்தரான க்ரௌச்சோ வாயிலேருந்து எடுத்தது.

இன்னொண்ணு. பக்ஸ் ஒரு தடவைகூட ஜியோவானியோட வாசற்படியை மிதிக்கல. அவர்தான் மூணு தடவை இவன் வாசலுக்கு வந்து அடிச்சிட்டுப் போறார். வேண்டாத பக்கத்து வீட்டுக்காரர் யாருன்னு இப்ப நீங்களே சொல்லுங்க.

#4 · சும்மா_ஒருத்தன்

வளை முதல்ல வந்ததா, பங்களா முதல்ல வந்ததா? பட்டா யார்கிட்ட?

#5 · மொட்டைமாடி

@சும்மா_ஒருத்தன் அந்த பங்களாவைப் பார்த்தா நேத்து பெயின்ட் அடிச்ச மாதிரி இருக்கு. முயல் பரம்பரை வீடு. 😄

#6 · அரைக்கச்சேரி

பாட்டுப் பக்கத்துலேருந்து ரெண்டு வார்த்தை.

"லார்கோ அல் ஃபாக்டோட்டம்" ஒரு நாவிதன் தன்னைப் பத்தித் தானே பாடிக்கிற பெருமைப் பாட்டு. பேர் ஃபிகாரோ. ஊர்ல எல்லாருக்கும் நான்தான் வேணும், இங்க கூப்பிடறாங்க, அங்க கூப்பிடறாங்க, ஃபிகாரோ ஃபிகாரோன்னு பிடுங்கறாங்க, ஒவ்வொருத்தரா வாங்கப்பான்னு போகும். 1816ல ரோம்ல முதல் தடவை மேடையேறின ஆபரா. கடைசிப் பகுதி ஓட்டம் பிடிக்கும், நாக்கு சுளுக்கிக்கும். எல்லாரும் என்னையே தேடறாங்கன்னு பாடற ஒருத்தர் காதுல, தன்னைக் கண்டுக்கவே கண்டுக்காத ஒருத்தனோட பாஞ்சோ விழுது. எரியத்தானே செய்யும்?

அப்புறம் ஒரு அல்பமான சந்தோஷம். பவுல் மேடைக்குப் பின்னால ஜியோவானி தொண்டைக்கு மருந்து பீச்சிக்கிறார் இல்லையா, பக்ஸ் அந்த மருந்துக்குப் பதிலா படிகாரத் தண்ணியை நிரப்பி வச்சுடறான். வாய் குவிஞ்சு, தலையே எலுமிச்சை சைஸுக்குச் சுருங்கி, குரல் கொசு மாதிரி ஆயிடும். அமெரிக்காவுல படிகாரம்னா அவங்களுக்கு ஊறுகாய் ஞாபகம் வரும். எனக்கு வந்தது எங்க தெரு சலூன். ஷேவிங் முடிஞ்சதும் அந்தக் கண்ணாடிக் கல்லைத் தண்ணியில தொட்டுக் கன்னத்துல தேய்ப்பாரே, அது. நாவிதன் பாட்டு பாடறவருக்கு நாவிதன் கல்லாலயே தண்டனை. மால்டீஸ் இதை யோசிச்சிருக்க மாட்டார். நான் யோசிச்சுட்டேன், அவ்வளவுதான்.

#7 · ராப்பாடி

அதெல்லாம் சரி. நான் சொல்ற ஆளை விட்டுட்டீங்க. அதே வார்னர் கார்ட்டூன்கள்ல வர்ற எல்மர் ஃபட்.

"பேக் அலி ஆப்ரோர்" பார்த்திருக்கீங்களா? 1948 மார்ச்ல வந்தது. ஃப்ரிஸ் ஃப்ரெலெங் இயக்கம். எல்மர் களைச்சுப் போய்ப் படுக்கப் போறான். அவனுக்கு எந்த ஆசையும் இல்ல, தூங்கணும். பின்சந்துல வேலி மேல ஸில்வெஸ்டர் பூனை ஏறி நின்னு, தாள் எல்லாம் ஒழுங்கா வச்சு, தொண்டையைச் செருமிக்கிட்டு ஆரம்பிக்குது. என்ன பாட்டு தெரியுமா? அதே "லார்கோ அல் ஃபாக்டோட்டம்"!

எல்மர் கூடப் பாடல. எல்மருக்கு எதுவும் வாயில ஒட்டிக்கல. எல்மருக்குத் தூக்கம் வேணும். உங்க தியரி இங்க என்ன ஆச்சு?

#8 · மொட்டைமாடி

மாட்டிக்கிட்டேன். ஒத்துக்கறேன், எல்மர் விஷயத்துல என் தியரி நொண்டுது.

ஆனா பாருங்க, எல்மரை நாம யாரும் ஆதரிக்கிறதில்ல. உங்களைத் தவிர. ஏன்? பூனை நல்லாப் பாடுது. அதான் அநியாயம். அபஸ்வரமாக் கத்தியிருந்தா எல்மர் எறியற முதல் செருப்புக்கே கைத்தட்டியிருப்போம்.

#9 · ரீல்பெட்டி

நல்லாப் பாடுது, நல்லாத் தாளமும் போடுது. எல்மர் தூக்கி எறியற பூட்ஸையே காலுல மாட்டிக்கிட்டு, வாசப்படியில ஏறி இறங்கி இசையமைப்பாளர் ஃப்ரான்ஸ் லிஸ்ட்டோட பியானோ இசை ஹங்கேரியன் ராப்சொடி ரெண்டாம் எண்ணை மிதிச்சே வாசிக்கும். ஒவ்வொரு படியும் ஒரு சுரம். ஆயுதத்தையே வாத்தியமாக்கற இடம் அது. அந்த மாதிரி ஃப்ரெலெங்கைத் தவிர வேற யாரும் செஞ்சிருக்க முடியாதுன்னு நினைக்கிறேன். மனுஷனுக்கு இசைக்குறிப்பு படிக்கத் தெரியும். படத்தோட நேரக்கணக்கை இசைத்தாள் மாதிரி கோடு போட்ட தாள்ல, ஒரு தாள அடிக்கு இத்தனை ஃப்ரேம்னு எழுதுவார். அதனால அவர் படத்துல கால் விழற இடமும் தாளம் விழற இடமும் ஒண்ணாவே இருக்கும். இசை பின்னால வந்து ஒட்டின மாதிரி தெரியாது.

இது புதுக் கதையும் இல்ல. 1941ல அவரே கருப்பு வெள்ளையில "நோட்ஸ் டு யூ"ன்னு எடுத்ததோட மறுபதிப்பு. அதுல தூக்கம் கெடறவன் போர்க்கி பன்றி, பாடறது பேர் இல்லாத ஒரு சந்துப் பூனை. ஏழு வருஷம் கழிச்சு கலர்ல, தன்கிட்ட நட்சத்திரங்கள் இருக்கும்போது திரும்ப எடுத்திருக்கார்.

#10 · கோடம்பாக்கம்_கோபி

ஹங்கேரியன் ராப்சொடின்னா டாம் அண்ட் ஜெர்ரி பியானோ படம்தானே? யார் யாரைப் பார்த்து அடிச்சது?

#11 · ரீல்பெட்டி

அது தனிப் பஞ்சாயத்து. 1946ல ஃப்ரெலெங் பக்ஸை வச்சு "ராப்சொடி ராபிட்" எடுத்தார். அதே சமயம் எம்ஜிஎம்ல ஹன்னாவும் பார்பெராவும் "தி கேட் கான்செர்ட்டோ" எடுத்தாங்க. ரெண்டுலயும் அதே லிஸ்ட், அதே பியானோ, அதே எலித் தொல்லை. ரெண்டு ஸ்டூடியோவும் ஒருத்தரை ஒருத்தர் திருடன்னு சொல்லிக்கிட்டாங்க. ஆஸ்கர் எம்ஜிஎம்முக்குப் போச்சு. ஃப்ரெலெங் ரெண்டு வருஷத்துல அதே பாட்டைப் பூனை காலுக்குக் கொடுத்தார். மனசுல இருந்திருக்கும் போல.

#12 · நெறியாளர்

கேட் கான்செர்ட்டோவுக்கு ஏற்கெனவே ஒரு இழை இருக்கு, நாப்பது பக்கம். அங்க போய் அடிச்சுக்கோங்க. இங்க பக்கத்து வீட்டுச் சத்தம் மட்டும்.

#13 · பனிமழை

நான் டொரொன்டோவில இருக்கிறன். இஞ்ச வேற பாணியில ஒரு பக்கத்துவீட்டுப் படம் இருக்குது, அதையும் சேருங்கோ. நோர்மன் மக்லாரன்ர "நெய்பர்ஸ்". 1952இல கனடா தேசிய திரைப்படச் சபை எடுத்தது, எட்டு நிமிசம் வரும். கீறின படம் இல்லை. உண்மையான மனுசர் ரெண்டு பேரை ஒவ்வொரு பிரேமா நிப்பாட்டி நிப்பாட்டி எடுத்தது. அதால அவை நடக்கிறதில்லை, புல்லுக்கு மேலால வழுக்கிக்கொண்டு போவினம்.

ரெண்டு பேரும் கதிரை போட்டு இருந்து பேப்பர் வாசிக்கினம். ஒரு பேப்பரில போர் இல்லாட்டிச் சமாதானம் நிச்சயம் எண்டு இருக்கும், மற்றதில சமாதானம் இல்லாட்டிப் போர் நிச்சயம் எண்டு. நடுவில ஒரு பூ முளைக்கும். முதலில ரெண்டு பேரும் மணந்து பாத்துச் சந்தோசத்தில துள்ளுவினம். பிறகுதான் வேலி. பிறகு அடிபாடு. கடைசியில ரெண்டு பேரும் செத்து, ரெண்டு குழிக்கு மேலயும் ஒவ்வொரு பூ.

அதில வாற இசைக்கு வாத்தியமே இல்லை. பிலிம் ஓரத்தில ஒலி இருக்கிற தடத்தில மக்லாரனே கோலம் போல உருவாக்கின சத்தம், கேட்டால் கொம்பியூட்டர் விளையாட்டுச் சத்தம் மாதிரி. 1953இல இதுக்கு ஒஸ்கார் குடுத்தவை, ஆவணப்படப் பிரிவில! பூவுக்கு அடிபட்டுச் சாகிறது ஆவணப்படமாம்.

மொட்டைமாடி சொன்ன விசயம் இதிலயும் இருக்குது பாருங்கோ. ரெண்டு பேருக்கும் பூ பிடிச்சதாலதான் சண்டை.

#14 · மொட்டைமாடி

@பனிமழை இதைப் பார்த்ததில்ல. நேத்து ராத்திரி தேடிப் பார்த்துட்டு ஒரு மணி நேரம் தூக்கம் வரல. வேலி நட்டு முடிச்சப்புறம் அந்த வேலிக் கட்டையையே பிடுங்கி அடிச்சுக்கறாங்களே. சிரிச்சுக்கிட்டே பார்த்தேன், எந்த இடத்துல சிரிப்பு நின்னுதுன்னு தெரியல.

#15 · கருப்புவெள்ளை

பக்ஸ் விக் வச்சுக்கிட்டு வர்ற இசைக்குழு நடத்துநர் வேஷம் டொஸ்கானினிங்கிற நடத்துநரைக் கிண்டல் பண்றதுன்னு எங்கயோ படிச்சேன். அந்தக் காலத்துல அவர்தானே பெரிய பேர்.

#16 · அரைக்கச்சேரி

இல்ல. லியோபோல்ட் ஸ்டொகோவ்ஸ்கி. படத்துலயே விடை இருக்கு. பக்ஸ் நடந்து வரும்போது வாத்தியக்காரங்க ஒருத்தருக்கொருத்தர் "லியோபோல்ட், லியோபோல்ட்"னு கிசுகிசுப்பாங்க. அப்புறம் கொடுத்த குச்சியை ஒடிச்சுத் தூரப் போட்டுட்டு வெறுங்கையால நடத்துவான். ஸ்டொகோவ்ஸ்கி குச்சி இல்லாம நடத்தறவர், அதுக்காகவே பிரபலம். தலையில வெள்ளைச் சிலும்பல் முடி. 1945, 46ல ஹாலிவுட் பவுல் இசைக்குழுவையே அவர்தான் நடத்தினார், அதனால அந்த ஊர்க்காரங்களுக்கு வேஷம் பார்த்த உடனே புரிஞ்சிருக்கும்.

தலைப்பும் அந்த முடிதான். அன்னைக்கு அமெரிக்கப் பேச்சுல சாஸ்திரிய சங்கீதக்காரங்களை நீளமுடிக்காரங்கன்னு நக்கலாச் சொல்வாங்க. ஆங்கிலத்துல முடிக்கும் முயலுக்கும் ஒரே உச்சரிப்பு. முடிக்காரர், முயல்காரர், ரெண்டும் ஒரே தலைப்புல. தமிழ்ல கொண்டுவர முயற்சி பண்ணிப் பார்த்தேன், குடுமிங்கிற வார்த்தையைத் தாண்டி நகரல.

#17 · சும்மா_ஒருத்தன்

குடுமிப்பிடி.

#18 · அரைக்கச்சேரி

@சும்மா_ஒருத்தன் அட!

#19 · ரீல்பெட்டி

பாட்டுத் தேர்வு பத்தி யாரும் பேசலையே. அதுல ஒரு வியாபாரக் கதை இருக்கு.

சினிமாவுக்குக் குரல் வந்த புதுசுல வார்னர் பிரதர்ஸ் விட்மார்க், ஹார்ம்ஸ், ரெமிக் மாதிரி பழைய பாட்டுப் புத்தகக் கம்பெனிகளை வாங்கிப் போட்டுது. பல்லாயிரம் பாட்டு கையில. 1931ல "மெர்ரி மெலடீஸ்"ங்கிற கார்ட்டூன் வரிசையை ஆரம்பிச்சதே அந்தப் பாட்டுகளை ஜனங்க காதுல போட்டு வைக்கத்தான். பின்னாடி அந்தக் கட்டாயம் தளர்ந்துச்சு, ஆனா பெட்டி அங்கேயே இருந்துது. இசையமைப்பாளர் கார்ல் ஸ்டாலிங் கையை விட்டா பாட்டு வரும். அவர் மௌனப்பட காலத்துல கன்சாஸ் சிட்டி தியேட்டர்ல ஆர்கன் வாசிச்சவர். திரையில விழற காட்சிக்கு ஏத்த பாட்டை அந்த வினாடியே எடுத்து வாசிச்சுப் பழகின கை. 1936லேருந்து 1958 வரைக்கும் வார்னர் கார்ட்டூன்ல அவர்தான். ஸ்டூடியோவோட முழு இசைக்குழுவும் அவருக்காக வாசிச்சுது.

பக்ஸ் பாடற ரியோப் பாட்டு 1946ல வந்த வார்னரோட சொந்த மியூசிக்கல் படத்துப் பாட்டு. மூணு வருஷம்தான் ஆகியிருக்கு, தியேட்டர்ல உட்கார்ந்திருக்கிறவனுக்கும் வாயில ஒட்டியிருக்கும். அதனாலதான் ஜியோவானி கூடப் பாடறப்போ அரங்கமே சிரிச்சிருக்கும்னு தோணுது. அவங்களும் உள்ளுக்குள்ள பாடிக்கிட்டுத்தானே இருப்பாங்க.

டியூபாவுல வாசிக்கிற, யூபாங்கிற ஆளைப் பத்தின பாட்டு 1931ல ஹெர்மன் ஹப்ஃபெல்ட் எழுதினது. அதே வருஷம் அதே ஆள் இன்னொரு பாட்டு எழுதினார், "ஆஸ் டைம் கோஸ் பை". ஆமா, "காஸாப்ளாங்கா" படத்துல சாம் வாசிக்கிற அதேதான். ஒரு பாட்டு உலகத்தை அழ வச்சுது. இன்னொண்ணுக்காக ஒரு முயல் மரத்துல தொங்குச்சு.

#20 · மொட்டைமாடி

இது எனக்குத் தெரியாது. யூபாவும் காஸாப்ளாங்காவும் ஒரே பேனாவா!

இப்ப என் கட்சியைக் கொஞ்சம் திருத்திக்கறேன். "பேக் அலி ஆப்ரோர்"ல எல்மர் தோக்கறதுக்குக் காரணம் அவன்கிட்ட பாட்டு இல்லாததுதான். அமைதி வேணும்கிறவன் எடுக்கிற ஆயுதம் எல்லாமே சத்தம் போடற ஆயுதம். பூட்ஸ், துப்பாக்கி, கடைசியில டைனமைட். மொத்தப் படத்துலயும் பெரிய இரைச்சல் அவன் வச்ச வெடிதான். அதுல அவனும் சேர்ந்து போறான். மேகத்து மேல உட்கார்ந்து அப்பாடான்னு மூச்சு விடறப்போ, வரிசையா நம்பர் போட்ட ஒன்பது ஸில்வெஸ்டர் ஆவி மேல வந்து டோனிஸெட்டியோட "லூச்சியா" ஆபராவுலேருந்து ஆறு பேர் பாடற பாட்டை எடுக்குது. ஆறு பேர் பாட்டுக்கு ஒன்பது பூனை. எல்மர் மேகத்துலேருந்தே குதிச்சுடறான்.

ஜியோவானி வேற. அவர்கிட்ட பாட்டு இருக்கு, குரல் இருக்கு, உண்மையான குரல். நிக்கொலாய் ஷுடோரொவ்னு ஒரு பாரிடோன், அதாவது நடுக்குரல் பாடகர், பாடியிருக்கார். பக்ஸுக்குக் குரல் கொடுத்த மெல் ப்ளாங்கை விட்டுக் கேலிக்குரல்ல பாட வச்சிருந்தா படம் பாதியாச் சுருங்கியிருக்கும். அவர் நிஜமாவே பெரிய பாடகர்ங்கிறதாலதான் அந்த ஒத்தைச் சுரத்தை அவ்வளவு நேரம் பிடிக்க முடியுது, கூரையும் விழுது. அவர் திறமைதான் அவருக்கு எமன்.

#21 · ராப்பாடி

நீங்க என்ன சொன்னாலும் ஒண்ணு மட்டும் கவனிச்சேன். எல்மருக்குக் குரல் கொடுத்த ஆர்தர் க்யூ. ப்ரையன் பேர் அந்தப் படங்கள்ல டைட்டில்ல வராது. மெல் ப்ளாங்க் போட்ட ஒப்பந்தப்படி குரல்னா அவர் பேர்தான் வரும். தூங்க விடுங்கடான்னு கத்தினவனுக்குப் பேரும் இல்ல, தூக்கமும் இல்ல. பூனைக்கு ரெண்டும்.

என் கட்சி டாம். சீரியஸா. 1945ல வந்த "கொயட் ப்ளீஸ்" பாருங்க, ஆஸ்கர் வாங்கினது. ஸ்பைக் நாய் தூங்கணும், இன்னொரு சத்தம் வந்தா தோலை உரிச்சுடுவேன்னு டாமை மிரட்டிட்டுப் படுக்குது. ஜெர்ரி வேணும்னே சத்தம் பண்ணுது. டாம் ஓடி ஓடி ஒவ்வொண்ணாப் பிடிக்குது. ஒரு இடத்துல மேலேருந்து குண்டு பல்பா விழுந்துக்கிட்டே இருக்கும், டாம் ரெண்டு கை, கால், வாய்னு எல்லாத்துலயும் தாங்கிப் பிடிக்கும். ஒரு பல்பு உடையல. அப்ப ஜெர்ரி சாவகாசமா வந்து டாமோட வாலை எடுத்து பிளக்குல சொருகும். எல்லா பல்பும் எரியும். டாம் அப்பவும் கத்த முடியாது.

மத்தவன் போடற சத்தத்துக்கு நாம பொறுப்பாகறதுன்னா என்னன்னு அபார்ட்மென்ட்ல குழந்தை வச்சிருக்கிறவங்களைக் கேளுங்க. என் தங்கை வீட்டுக்குக் கீழ ஒரு பெரியவர் இருக்கார். அவ வீட்டுல பந்து தரையில தட்டினா உடனே கீழேருந்து கம்பால கூரையை இடிப்பார். அவ நாள் பூரா டாம் மாதிரிதான், கையை நீட்டிக்கிட்டு எதையாவது பிடிச்சுக்கிட்டே இருக்கா.

#22 · பனிமழை

@ராப்பாடி மேல் வீட்டுப் பிள்ளை இப்ப என்ன வாசிக்குது? அதே ரெண்டு வரியோ?

#23 · ராப்பாடி

போன வாரம் மேல போனேன். நான் ஜியோவானி இல்ல, பெல் அடிச்சுட்டுத்தான் நின்னேன். அந்தப் பொண்ணே கதவைத் திறந்தது, ஒன்பது வயசு இருக்கும். அங்கிள் நைட்ல வேலைம்மா, மூணு மணிக்கு மேல வாசிக்கிறியான்னு கேட்டேன். சரின்னுச்சு. அப்புறம், "சத்தமா கேக்குதா, நல்லா இருக்கா?"ன்னு கேட்டுச்சு. கேக்குதுன்னு சொல்லிட்டு இறங்கிட்டேன்.

#24 · கருப்புவெள்ளை

ரெண்டாவது கேள்விக்குப் பதில் சொல்லல பாருங்க.

#25 · ராப்பாடி

இல்ல.

#26 · அரைக்கச்சேரி

ஒத்தைச் சுரம் பத்தி ஒண்ணு விட்டுப்போச்சு. பக்ஸ் கையைத் தூக்கிப் பிடிச்ச உடனே ஜியோவானி மேல் சுரத்துல நிக்கிறார். பக்ஸ் கையுறையை மட்டும் அந்தரத்துல அப்படியே விட்டுட்டு நழுவிடறான். வெளியில தபால் பெட்டிக்குப் போறான். காதுமூடி வேணும்னு விமானத் தபால்ல ஆர்டர் போடறான். பார்சல் வருது. மாட்டிக்கிட்டுத் திரும்பி வர்றான். கையுறை இன்னும் காத்துல நிக்குது, ஜியோவானி முகம் கலர் கலரா மாறி, மேடையில புரண்டுக்கிட்டு, நிறுத்தாமப் பாடறார். நடத்துநர் கை இறங்காம நிறுத்தக் கூடாதுங்கிற ஒழுக்கம். நான் அந்த இடத்துல சிரிக்கிறதில்ல. சுரம் பிடிச்சுப் பழகினவங்களுக்கு வயித்தைக் கலக்கும். கூரை இடிஞ்சு மேல விழுந்தப்புறமும் இடிபாட்டுக்குள்ளேருந்து எழுந்து வணக்கம் சொல்றார் மனுஷன். பக்ஸ் மேல பார்க்கறான், ஒரு துண்டு இன்னும் உத்தரத்துல தொங்குது. கையை மறுபடி தூக்கறான். அவரும் மறுபடி பாடறார்.

நிஜ அரங்கத்துல அந்த அடுக்கடுக்கான வளைவுக் கூரையை 1929ல கட்டினாங்க. படத்துல 1949லேயே விழுந்துடுச்சு. நிஜத்துல 2003 வரைக்கும் நின்னுது, அடுத்த வருஷம் புதுசு திறந்தாங்க.

#27 · கோடம்பாக்கம்_கோபி

இந்த இழையைப் பார்த்துட்டு ரெண்டு படமும் போட்டுப் பார்த்தேன். ஒரு சந்தேகம். கடைசியில எல்லாம் இடிஞ்சப்புறம் பக்ஸ் பாஞ்சோ எடுத்து நாலு சுரத்தை மீட்டிட்டு முடிக்கிறான். அந்த பாஞ்சோவை ஜியோவானி ஆரம்பத்துலயே உடைச்சுட்டாரே?

#28 · சும்மா_ஒருத்தன்

காதுமூடி ஆர்டர் போட்டப்பவே சேர்த்துப் போட்டிருப்பான். தபால் செலவு மிச்சம்.